எறாலுக்குக் கட்டிய திரைகள்

இடுப்புக்கு மேல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு கையில் மூங்கில், மறு கையில் வலையின் நுனி, வாயில் நைலான் கயிறு. அந்த நேரம் பார்த்து, கழுத்தில் தொங்கிய பிளாஸ்டிக் பைக்குள் கைப்பேசி அடித்தது.

கயிற்றைத் துப்பிவிட்டு, பையோடு சேர்த்துக் காதில் வைத்துக்கொண்டேன். நெல்லூரிலிருந்து என் வீட்டுக்காரர்.

"இன்னாமே, தண்ணி சத்தம் கேக்குது?"

"தண்ணிக்குள்ளதான் நிக்கிறேன்."

"கூட யாரு கீறா?"

"தேசம்மா கரையில இருக்கா. மூங்கில் எடுத்துக் கொடுக்கிறா."

"வலைக்கு அடில ஒரு சாண் எடம் வுட்டியா?"

"விட்டேன்."

"காத்து அடிக்கிற போக்குலயே கட்டு. குறுக்கால கட்டிடாத. தண்ணி ஓடணும்."

"நேத்தே சொன்னீங்க."

"சொன்னேனா?" என்று சிரித்தார். "இன்னா பண்றது, சொன்னதையே சொல்லிகினு கீறேன். இங்க பேச ஆள் இல்ல."

கால்விரல்களுக்கு நடுவே சேறு பிதுங்கியது. தெற்கே எண்ணூர்ப் புகைபோக்கிகளில் சிவப்பு விளக்கு ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தது. கரையில் நின்ற தேசம்மா, "அண்ணி, மூங்கிலப் புடிச்சிகினு ஆட்டோவுக்கு நிக்கற மாதிரி நிக்கிறியே, கட்டு!" என்று கத்தினாள். நான் கட்டவில்லை. அவர் வைக்கும்வரை அப்படியே நின்றேன்.

அவர் ஏன் பேசவில்லை?

போன வாரம் இந்தத் தொடரில் அப்பாவின் ராயபுரத்துக் கடையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இத்தனை வாரமாக அப்பா வருகிறார், கடை வருகிறது, காசிமேடே வருகிறது. உங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தைகூடப் பேசக் காணோமே?"

காரணம் எளிது. அவர் பேசமாட்டார்.

கஜேந்திரன் எண்ணூர்க் குப்பத்துக்காரர். விசைப்படகில் வேலை. எங்கள் குடும்பம் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து கயிறும் வலையும் விற்ற குடும்பம். எங்கள் வீட்டில் ஜெபத்தைக்கூடச் சத்தமாகத்தான் செய்வோம். அப்பா கடையிலிருந்து பேசினால் எதிர்க்கடைக்காரர் பதில் சொல்வார். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த நான், வலை வாங்க வந்து "அது" என்று விரலால் காட்டிவிட்டு, "எத்தனை?" என்றால் விரல்களையே மறுபடி காட்டிய ஓர் ஆளைப் பார்த்து மயங்கினேன். இவ்வளவு அமைதியாக ஒரு மனிதர் இருக்க முடியுமா என்ற ஆச்சரியம்தான் காதலாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த அமைதிக்குள் குடியிருக்க வேண்டியிருந்தது. கெட்டவர் இல்லை. குடிக்கமாட்டார். சோற்றில் உப்பு கூடினாலும் சொல்லமாட்டார், குறைந்தாலும் சொல்லமாட்டார். மகள் பிறந்தபோது தொட்டிலருகே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அதற்கு என்ன அர்த்தம் என்று நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அப்பா ஒருமுறை கேட்டார்: "ஏட்டி, மாப்பிள்ள உன்கிட்டயாவது பேசுவாரா? இல்ல, உன்கிட்டயும் வெரலத்தான் காட்டுவாரா?"

இரண்டு முறை கைவிட்ட குளம்

படகில் வலை இழுத்து இழுத்து அவருக்கு இடுப்பு விட்டுப்போனது. கடலுக்குப் போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, கழிமுகத்துக்கு வடக்கே, உப்பங்கழி ஓரமாக ஓர் எறால் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தோம். மகளை அப்பா வீட்டில் படிக்க விட்டுவிட்டு, கரையில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

முதல் முறை வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. அது வந்தால் மனிதர் செய்ய ஒன்றுமில்லை. செத்துக் கரை ஒதுங்கியவற்றை அள்ளிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம்.

இரண்டாம் முறைதான் வேதனை. நோய் என்று ஒன்றும் இல்லை. தீனி தின்றன, வளர்ந்தன. ஆனால் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. எறால் வளர வளரச் சட்டையைக் கழற்றும், தெரியுமல்லவா? பழைய ஓட்டை உரித்துப் போட்டுவிட்டுப் புது ஓடு இறுகும்வரை பஞ்சுபோலக் கிடக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவை அதைத் தின்றுவிடும். குளத்தில் நெருக்கம் அதிகம். ஒரு கூட்டத்தை விட்டு, ஒரு கூடையைப் பிடித்தோம்.

குளத்துக்காரர் நல்லவர்தான். "இன்னும் ஒரு தபா பாருங்க. அதுவும் போச்சுன்னா வேற ஆளுக்கு வுட்டுடறேன், தப்பா நெனைக்காதீங்க" என்றார்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரர் சொன்னார்: "நெல்லூரு பக்கம் ஒரு பண்ணைல ஆள் கேக்குறாங்க."

நான் காத்திருந்தேன். அவ்வளவுதான் செய்தி. அடுத்த நாள் செங்குன்றத்தில் பஸ் ஏறிவிட்டார்.

நெல்லூரிலிருந்து வந்த குரல்

முதல் வாரம் போன் வரவில்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்தது. "சாப்ட்டியா?" என்றார். "சாப்பிட்டேன்" என்றேன். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"இங்க சமையக்காரன் ஒர்த்தன் கீறான்மே. சோத்துல ஊறுகா போடல, ஊறுகால சோறு போடறான். வாய் எரிஞ்சி பேஜாராப் பூடுது."

எனக்குச் சிரிப்பு வந்தது. என் சிரிப்பைக் கேட்டு அவருக்கும் வந்தது. பிறகு அங்கே இருந்த நாயைப் பற்றிச் சொன்னார். எறால் தலையை மட்டும் தின்னுமாம், உடம்பைத் தொடாதாம். சிக்னல் கிடைக்க மோட்டார் ரூம் கூரைமேல் ஏறி நின்றுதான் பேசுவதாகச் சொன்னார். அதற்கடுத்த நாளும் பேசினார். அதற்கடுத்த நாளும்.

தேசம்மாவால் நம்பவே முடியவில்லை. அவள் அவருடைய தங்கை. திருவொற்றியூரில் மீன் விற்பவள். அவர் போன பிறகு, காலை வியாபாரம் முடிந்ததும் நேராகக் குளத்துக்கு வந்து எனக்குத் துணையாக இருந்தாள். "அண்ணி, மெய்யாலும் எங்க அண்ணனா பேசுது? குடு, நான் ஒரு தபா கேக்குறேன்" என்று போனைப் பிடுங்கிக் காதில் வைத்தாள். அந்தப் பக்கம் உடனே அமைதி. "இன்னா... நல்லாகீறியா" என்றார். அவள் போனை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "உனுக்கு மட்டும்தான் பேசுது" என்றாள்.

அந்த வார்த்தையை நான் பல நாள் மனசுக்குள் வைத்திருந்தேன்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணியிலிருந்தே எனக்கு வேலை ஓடாது. கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்ப்பேன். தலை வாரிக்கொள்வேன். பேசுகிறவருக்கு என் தலை தெரியப்போகிறதா என்ன? ஆனாலும் வாரிக்கொள்வேன்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் சொன்னார்:

"எஸ்தரு, இங்க குளத்துக்குள்ள வலைய தொங்க வுட்டுகிறாங்க."

"எறா பிடிக்கவா?"

"இல்லமே. எறா குந்துறதுக்கு."

எனக்குப் புரியவில்லை.

"எறா இன்னா மீனு மாதிரி நடுத்தண்ணிலயே நீந்திகினா கீது? தரைய தேடி வந்து குந்தும். குளத்துல தரை எவ்ளோவோ அவ்ளோதான் அதுக்கு எடம். வலைய திரை மாதிரி தொங்க வுட்டா, அந்த வலையும் அதுக்குத் தரைதான். ஒண்டுக் குடித்தனத்துல மேல மாடி எடுத்த மாதிரி. வலைல வழவழன்னு பாசி புடிக்குது. அத்த மேயுது. சட்டை உரிக்கற நேரத்துல மத்ததுங்க கண்ல படாம அதுல ஒட்டிகினு கெடக்குது." குரல் தாழ்ந்தது. "நம்மள்து அத்தொட்டுத்தான் செத்துச்சு. ஒண்டிக்க எடமில்லாம."

கூரைமேல் காற்று அடிக்கும் சத்தம் போனில் கேட்டது. "நாமளும் கட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டேன்.

"கட்டு. நான் இங்கேர்ந்து சொல்றேன். எனுக்கு இப்போ வர முடியாது. இங்க கூலி வந்தாத்தான் அங்க தீனி."

அப்பாவின் கடையில்

ராயபுரத்துக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"எறாலப் பிடிக்க வலை கேட்டு வருவாக. எறாலு குடியிருக்க வலை கேட்டு இன்னைக்கித்தான் ஒரு ஆளு வந்திருக்கு. அதுவும் எம் மவ!"

"சிரிக்காதீங்கப்பா."

"சிரிக்கலட்டி. யாரு சொன்னா?"

"அவருதான். போன்ல."

"மாப்பிள்ளையா? இம்புட்டையும் வாயத் தொறந்தா சொன்னாரு?" எழுந்து உள்ளே போனார். கிடங்கில் வெட்டி மிச்சமான துண்டுகள் குவிந்து கிடந்தன. நீலம், பச்சை, சில கறுப்பு. தார் வாசனையும் புது நைலான் வாசனையும் கலந்து அடித்தது. எனக்குச் சின்ன வயது முழுவதும் அந்த வாசனைதான். அப்பா ஒவ்வொன்றாக இழுத்து, கண்ணைப் பார்த்தார். வலையின் ஓட்டையைத்தான் கண் என்போம்.

"பெரிய கண்ணு வேண்டாம், பாசி தங்காது. ரொம்பச் சின்னதும் வேண்டாம், சகதி அடைச்சிரும். இந்தா, இதக் கொண்டு போ. புதுசு, எண்ண கிண்ண படல. ஆனாலும் ஒரு தடவ கழுவி வெயில்ல போடு."

குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். டோல்கேட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம். அதைத் தாண்டினால் மணலி டேங்கர்கள். தேசம்மா வலைக்குவியல்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு, "இன்னா சொகம் அண்ணி! எறா குடுத்து வெச்சதுதான்" என்றாள்.

தொங்கிய வலைகள்

அப்படிக் கட்டியவைதான் அந்தத் திரைகள். மூங்கில்களுக்கு நடுவே வரிசை வரிசையாக. கரையிலிருந்து பார்த்தால் யாரோ குளத்தில் கொடி கட்டித் துணி காயப்போட்ட மாதிரி இருந்தது. பக்கத்துக் குளத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம், பந்தல் போடறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

குஞ்சு விட்டோம். கண்ணுக்குத் தெரியாத மீசைகள், கண்ணாடி மாதிரி உடம்பு. குளம் அவற்றை விழுங்கிவிட்டது. நாங்கள் காத்திருந்தோம்.

வலைகள் முதலில் பழுப்பாயின. பிறகு பச்சை. தொட்டால் நாக்கைத் தொடுவதுபோல வழுக்கியது. ஒருநாள் மத்தியானம் மெல்ல ஒரு வலையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வலை முழுக்கக் கோதுமை மணி தூவியது போல எறால்கள். ஒவ்வொன்றும் கால்களால் பாசியைக் கிள்ளிக் கிள்ளி வாயில் வைத்துக்கொண்டிருந்தது. ஒன்று மட்டும் வெளிறிப்போய், அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அது கழற்றிய சட்டை. யாரும் அதைத் தொந்தரவு செய்யவில்லை.

வலையை அப்படியே இறக்கிவிட்டேன்.

சாயங்காலம் அவரிடம் சொன்னபோது, "அந்த ஒண்ணு பெரிசா, சிறுசா?" என்று கேட்டார். "சின்னதுதான்." "கண்ணு நல்லா கருப்பா இருந்துச்சா?" "இருந்தது." "மீசை?" "நீளமா இருந்துச்சு." விட்டால் அதன் பெயரையும் கேட்டிருப்பார். எங்கள் மகளைப் பற்றிக்கூட அவர் என்னிடம் இவ்வளவு விசாரித்ததில்லை. பிறகு அதையும் விசாரித்தார். படிக்கிறாளா, யாரோடு ஸ்கூலுக்குப் போகிறாள், இன்னும் நகம் கடிக்கிறாளா என்று. அவள் நகம் கடிப்பது இவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

மழை

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டி, விடியும் நேரத்தில் கரண்ட் போனது. தண்ணீரை அடித்துக் காற்று ஏற்றும் மிஷின்கள் நின்றன. அந்தச் சத்தம் நின்றதால்தான் எனக்கு விழிப்பு வந்தது.

வெளியே வந்தால், சாம்பல் வெளிச்சத்தில் குளத்தின் மேற்பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன மீசைகள். மூச்சுக்கு மேலே வந்துவிட்டன. இரண்டாவது முறைகூட இப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை.

அவருக்குப் போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.

அன்று மழையால் கொட்டகையிலேயே தங்கியிருந்த தேசம்மா ஓடிவந்தாள். "அண்ணி, வலைதான் மூச்ச புடிக்குது! பாசி மொத்தமும் காத்த உறிஞ்சிகினு கீது! அத்த கயட்டிப் போட்ரு!" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கப் போனாள்.

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. பாசியும் மூச்சு விடும். ஆனால் இப்போது மூங்கிலைப் பிடுங்கினால் அடிச்சேறு கலங்கும், மிச்சமிருக்கும் காற்றும் போய்விடும். அதைவிட, மழைத்தண்ணீர் விழுந்து உப்பு குறைந்தால் எறால்கள் ஒரே நேரத்தில் சட்டை கழற்றும். இந்த நேரத்தில் எத்தனை வெறும் உடம்போடு அந்த வலைகளில் ஒட்டிக்கொண்டிருக்குமோ?

"கை வைக்காத!" என்று அலறினேன். என் குரல் அப்பாவின் குரல் மாதிரி இருந்தது. தேசம்மா அப்படியே நின்றுவிட்டாள். "நீ மதகுக்குப் போ. மேல் பலகைய மட்டும் எடு. மழைத்தண்ணி மேலாப்புல நிக்குது, அது வெளிய போகட்டும். நான் இன்ஜினப் பாக்கிறேன்."

டீசல் இன்ஜின் நனைந்திருந்தது. கைப்பிடியைச் சுற்றினேன். இருமியது, அணைந்தது. சுற்றினேன். மதகைத் திறந்துவிட்டு வந்த தேசம்மா என்னைத் தள்ளிவிட்டு, மீன்கூடை தூக்கிய கையால் ஒரே சுற்று சுற்றினாள். பிடித்துக்கொண்டது. கறுப்புப் புகை எங்கள் இருவர் முகத்திலும் அடித்தது. சக்கரம் தண்ணீரை அடித்தது. நுரை கிளம்பி, வலை வரிசைகளுக்கு நடுவே நேராக ஓடியது. காற்றின் போக்கில் கட்டு, குறுக்கே கட்டாதே என்று அவர் தினமும் சொன்னது அதற்குத்தான்.

மேலே வந்த எறால்கள் வலைகளின் மேல் நுனியை, காற்றுக்குப் பக்கத்தில் இருந்த அந்த விளிம்பை, பிடித்துக்கொண்டிருந்தன. வெயில் லேசாக வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. செத்து மிதந்தவற்றைத் தேசம்மா ஒரு முறத்தில் அள்ளினாள். முறம் நிறையவில்லை.

கரையில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. ஈரக் கையால் எடுத்தேன்.

"எஸ்தரு! இன்னா ஆச்சு? இத்தினி தபா அடிச்சிருக்க? கூரைமேல தண்ணி, ஏற முடியல. அத்தொட்டு ரோட்டுக்கு ஓடியாந்தேன்."

எனக்கு அழுகைதான் வந்தது.

"எறா பூடுச்சா?"

நான் இன்னும் அழுதுகொண்டிருந்தேன்.

"போனா போவுது எறா. வுடு. நீ எப்டி கீற? அத்த சொல்லு மொதல்ல. நீ எப்டி கீற?"

அவர் வந்தார்

அந்த முறை குளம் எங்களைக் கைவிடவில்லை. வலைகளைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு மதகைத் திறந்தபோது, அதன் வாயில் கட்டிய வலைப்பையில் எறால் வந்து விழுந்த சத்தம் கூரைமேல் மழை பெய்த மாதிரி இருந்தது. எடுக்க வந்த வியாபாரி கைநிறைய அள்ளிப் பார்த்து, "எல்லாம் ஒரே அளவா கீது" என்றார். குளத்துக்காரர் அடுத்த குத்தகையை அவராகவே பேசினார்.

அதன் பிறகுதான் அவர் நெல்லூரிலிருந்து வந்தார். காலையில் தோளில் ஒரு பையோடு கரைமேல் நடந்து வந்ததைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இளைத்திருந்தார். நான் எவ்வளவோ பேச வைத்திருந்தேன். அவரும் வைத்திருப்பார் என்று நினைத்தேன்.

பையை இறக்கினார். கரையில் காய்ந்து கிடந்த வலைகளைப் பார்த்தார். ஒன்றைக் கையிலெடுத்துக் காய்ந்த பாசியை விரலால் சுரண்டினார்.

"நல்லா கீது" என்றார்.

அவ்வளவுதான். சாப்பிட்டார், படுத்தார். அடுத்த நாள் குளத்தில் இறங்கி வேலை பார்த்தார். அதற்கடுத்த நாளும். சாயங்காலம் ஐந்து மணிக்கு என் கை தானாகக் கைப்பேசியைத் தேடும். அவர் எதிரில்தான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார்.

வாசகிக்கு இதுதான் பதில். அவர் இருக்கிறார், நலமாக இருக்கிறார், இன்றைக்கும் அதே குளத்தில்தான் இருக்கிறோம். ஒவ்வொரு முறையும் வலை கட்டுகிறோம். தூரத்தில் இருப்பவருக்காக ஏங்குவதை ஊர் புரிந்துகொள்ளும். பக்கத்தில் படுத்திருப்பவருக்காக ஏங்குகிறேன் என்று யாரிடம் சொல்வது? கூரைமேல் ஏறி நின்று என்னோடு பேசிய அந்த மனிதர் நெல்லூரிலேயே தங்கிவிட்டார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

ஒரு நாள், வேறொரு வெள்ளாமையின்போது, பொழுது சாயும் நேரம். அவர் தெற்குக் கரையில் தீனித் தட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வடக்குக் கரையில் இருந்தேன். நடுவில் குளம், வரிசையாக வலைகள். என்ன நினைத்தேனோ, அவருக்குப் போன் செய்தேன்.

தட்டை இறக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து எடுத்தார். பெயரைப் பார்த்திருப்பார்.

"இன்னாமே?"

"சும்மாதான்."

"எங்க கீற?"

"இங்கதான்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சாப்ட்டியா?" என்றார்.

"இன்னும் இல்ல."

"இன்னிக்கு தட்டுல ஒண்ணு பாத்தேன்மே. எகிறி என் கைமேல குந்திகினு எறங்க மாட்டேன்னுது. இன்னா தெனாவெட்டு அதுக்கு..."

பேசத் தொடங்கிவிட்டார். ஒரு கையை வீசி வீசிப் பேசினார். நடந்தார், நின்றார், குனிந்து ஒரு கல்லை எடுத்துப் போட்டார், தானாகவே சிரித்தார். அத்தனை சாயங்காலமும் அந்தக் கூரைமேல் நின்று என்னோடு பேசியபோது அவர் எப்படி இருந்திருப்பார் என்பதை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அவர் முகம் தெற்கே திரும்பியிருந்தது. வடக்கே நெல்லூரிலிருந்து பார்த்தால் நான் அந்தப் பக்கம்தான்.

இந்தப் பக்கம் திரும்புங்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்தபடியே, "அப்புறம்?" என்றேன்.